நூற்று அறுபத்து நான்காவது பிழை

மறுபடியும் ஒரு வரியை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள் ஆதாரம் அக்கா. பிழை அப்படியே இருந்தது. "போகலியா, சமத்து" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வரியை அழித்தாள். காலையில் நாலாயிரம் வரியாக இருந்த ப்ரோக்ராம் மத்தியானத்துக்குள் முந்நூறாகச் சுருங்கியிருந்தது. வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அது பத்து வரிக்குள் வந்துவிடும். எந்த வரியை எடுத்தால் பிழையும் சேர்ந்து காணாமல் போகிறதோ, அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. அதை மட்டும் திரும்ப வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துக் கட்டுவாள். கீரை ஆய்கிறவர்களுக்கு இருக்கும் பொறுமை அவளுக்கு. ஆய்ந்து முடித்ததும் மிஞ்சுவதைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பும் வரும்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "அக்கா கம்ப்யூட்டர்ல என்னமோ டெஸ்ட் பண்றாங்க" என்பான் தம்பி. தம்பியின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ்; வாய் கொஞ்சம் நீளம். "மத்தவங்க செய்யிற தப்பைக் கண்டுபிடிக்கிறதுக்கு அண்ணிக்குச் சம்பளம். நான் அதே வேலையை இந்த வீட்ல சும்மா செய்றேன்" என்பாள்.

விஷயம் இதுதான். அக்காவின் கம்பெனி மருந்து பம்ப்களைத் தயாரிக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி. நோயாளியின் உடம்புக்குள் மணிக்கு இவ்வளவு என்று மருந்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். அதை ஆட்டி வைப்பது அதற்குள் இருக்கும் ப்ரோக்ராம். மனிதர்கள் தங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதும் ப்ரோக்ராமைப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர் என்ற இன்னொரு ப்ரோக்ராம். எழுதியவர் சரியாக எழுதியிருந்தாலும், மாற்றிக் கொடுப்பது ஒரு இடத்தில் கோட்டை விட்டால் போச்சு. ஆகவே இந்தக் கம்பைலரை நம்பலாமா, நம்பலாம் என்றால் எந்தெந்த நிபந்தனையோடு நம்பலாம் என்று ஆயிரக்கணக்கான டெஸ்ட்களை ஓட்டிப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்தக் கையெழுத்து அக்காவுடையது.

புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரத்திலேயே அவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள். "இது சரியாதான் இருக்கும் மேடம்" என்று யாராவது சொன்னால் போதும், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை வரும். "இருக்கும்னா? ஆதாரம் எங்க?" பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தம் கிடையாது. "பிழையே இல்லாத கம்பைலர்னு ஒண்ணு கிடையாதுப்பா. எங்க பிழைன்னு தெரிஞ்ச கம்பைலர், தெரியாத கம்பைலர். இருக்கிறது ரெண்டே வகை" என்பாள். தன் கம்பைலரின் தெரிந்த பிழைகளைப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். இந்த இடத்தில் இப்படி எழுதாதே, இந்த வசதியைத் தொடாதே, இந்த இரண்டையும் சேர்த்து வைக்காதே என்று தடித்த புத்தகமாக அது வளர்ந்திருந்தது.

வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடும்போது உப்பு சரியா என்று நர்ஸ் கேட்டால், "நான் எடுத்த மூணு வாயில சரியா இருக்கு" என்பாள். மழை வருமா என்றால், "இதுவரைக்கும் வரல." கண்டிப்பாக, எப்போதும், நிச்சயம் என்ற சொற்கள் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. வயசுக் காலத்தில் வந்த ஒரு வரன், புத்தகம் என்றால் எனக்கு உயிர் என்று சொல்லப்போக, கடைசியாக என்ன படித்தீர்கள் என்று இவள் கேட்டுவைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு தம்பி படிப்பு, தம்பி கல்யாணம் என்று வருடங்கள் நழுவி, இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று.

ஆபீசில் அவள் மேஜைமேல் ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று, திருத்திய கம்பைலர்களும் புது டெஸ்ட்களும் வந்து போவது. மற்றது பதினோரு வருடமாக எந்த மாற்றமும் செய்யப்படாதது. சோதித்த கம்பைலர் சோதித்தபடியே இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு எழுத்து மாறினாலும் மொத்தச் சோதனையும் முதலிலிருந்து. அதன் நெற்றியில் 'தொடாதே' என்று தன் கையால் எழுதி ஒட்டியிருந்தாள். துப்புரவு செய்ய வரும் அம்மாள் அதன் தூசியைக்கூடத் தட்டுவதில்லை. "எதுக்கும்மா வம்பு, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த கம்பைலரைச் செய்தவர் ஒருவர் இருந்தார். வேறொரு ஊரில், வேறொரு கம்பெனியில்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்கா அவருக்கு அனுப்பிய முதல் பிழை அறிக்கையே தப்பு. குழாயில் காற்றுக் குமிழி வருகிறதா என்று பம்ப் ஒரு சென்சாரைப் பார்க்கும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் உடனே இன்னொரு தரமும் பார்க்கும். கம்பைலர் அந்த இரண்டாவது தரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. கொதித்துப்போய் ஒரு பக்கத்துக்கு எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. 'நீங்கள் பார்த்தது சரி. ஆனால் பிழை எங்களுடையது இல்லை. ஒரே இடத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை பார்ப்பது வீண் வேலை என்று கம்பைலர் நினைக்கிறது. அந்த இடம் தானாக மாறக்கூடியது என்று நீங்கள் அதற்குச் சொல்லவில்லை. ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியவர் வேறு யாரும் இல்லை.' வெட்கமாக இருந்தது. கடைசி வரியை மட்டும் அன்றைக்கு நாலைந்து தரம் போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அவள் அனுப்பியவை பெரும்பாலும் உண்மையான பிழைகள். பதில்களின் அடியில் ஆள் பெயர் இருக்காது, குழுவின் பெயர்தான் இருக்கும். ஆனாலும் எது அவர் எழுதியது என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் சாக்கில் ஆரம்பிப்பார்கள். அவர் 'நீங்கள் சொல்வது சரி' என்று ஆரம்பித்துப் பிறகு காரணத்துக்கு வருவார். ஒருமுறை ஐந்து நாள் கழித்து வந்த பதிலில், 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தாமதத்துக்கு மன்னிக்கவும்' என்று இருந்தது. 'இப்போது எப்படி இருக்கிறார்கள்?' என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். கடைசியில் போனது, 'நன்றி. எண்பத்தெட்டாவது பிழையை மூடிக்கொள்ளலாம்' என்ற வரி. அதை அனுப்பிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

திட்டிக்கொண்டு என்ன செய்ய, விதி அப்படி. சோதிக்கிறவருக்கும் செய்கிறவருக்கும் நடுவில் பிழை அறிக்கை தவிர வேறு பேச்சு இருக்கக் கூடாது. இருந்தால் சோதனைக்கு மதிப்பில்லை. வருடா வருடம் ஒரு தாள் வரும்: 'கருவியைச் செய்தவர்களோடு எனக்குத் தனிப்பட்ட உறவு எதுவும் இல்லை.' அக்கா வருடா வருடம் அதில் கையெழுத்துப் போட்டாள். பொய்யில்லை. அவர் முகம் தெரியாது, குரல் தெரியாது, பெயரின் முதல் எழுத்துகூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த பதிலின் அடியில் இருந்த வரிதான்: 'விடுமுறை நாளில் எழுதுகிறேன் என்று பார்க்காதீர்கள். அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான்.'

அன்றிலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்காமல் போயின. தம்பியும் அவன் மனைவியும் சத்தமாகச் சண்டை போட்டுச் சத்தமாகச் சமாதானம் ஆகிக்கொண்டிருக்கும் வீட்டில், வேறொரு ஊரில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை நினைத்து அவளுக்குச் சோறு இறங்காது. அவர் காபி குடிப்பாரா, டீயா? மேஜை ஜன்னலுக்குப் பக்கத்திலா? சிரித்தால் சத்தம் வருமா? இதற்குப் பெயர் ஏக்கம் என்று அவளுக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டியவளுக்கு என்ன கேடு என்று சில நாள் கோபம் வரும். மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள்ளேயே, பதில் வந்திருக்குமா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

நர்ஸுக்கு எல்லாம் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை. "உங்க கம்பைலர்காரர் என்ன சொல்றார் அண்ணி?" என்று கேட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பாள். "ஒரு பிழை திருத்திட்டாராம்" என்று பிடி கொடுக்காமல் நகர்வாள் அக்கா. "நூத்தம்பது கடுதாசி போட்டவங்க ஊர் உலகத்துல கல்யாணமே பண்ணி முடிச்சிருப்பாங்க" என்று முதுகுக்குப் பின்னால் சத்தம் வரும். கணக்கு அப்போது நூற்று அறுபத்து மூன்று.

இந்த வருடத் தொடக்கத்தில் மேனேஜர் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான். எதற்கெடுத்தாலும் தேதி கேட்பதால் அவனுக்குத் தேதி என்று பெயர். அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவன். "அக்கா, பழைய கம்பைலரை விட்டுடலாம்னு மேல முடிவு பண்றாங்க. வேற கம்பெனியோடது ஒண்ணு இருக்கு, வேகமா வேலை செய்யுது, அது தெரிஞ்ச ஆளுங்களும் நிறையக் கிடைக்கிறாங்க. நீங்க அதைச் சோதிச்சுச் சொல்லணும். தேறினா மாறிடலாம். தேறலன்னா பழசுதான். எந்தத் தேதிக்குள்ள முடியும்?"

"பழசோட ஒப்பந்தம்?"

"மாறினா அந்த மாசத்தோட முடிஞ்சிடும். பிழை அறிக்கைப் பெட்டியையும் மூடிடுவாங்க. அதனால நமக்கென்னக்கா?"

நமக்கு ஒன்றும் இல்லைதான். அக்கா நாலு மாதம் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தேறினால் அவருக்கு எழுத இனி ஒரு காரணமும் இருக்காது. தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டியவளும் அவளே. யாரோ வேண்டுமென்றே தன்னைப் பிடித்து இந்த இடத்தில் உட்கார்த்தி வைத்த மாதிரி இருந்தது.

புதுக் கம்பைலருக்கு அறுபத்திரண்டாயிரம் டெஸ்ட். ஓட்டுவதென்னவோ கம்ப்யூட்டர்தான்; இரண்டு நாளில் ஓட்டிவிட்டது. தவறியவை நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றுக்கும் ஏன் தவறியது, தவறியதால் என்ன என்று ஒவ்வொன்றாக எழுதத்தான் நாலு மாதம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு குறை கண்டால் உள்ளே ஏதோ துள்ளும். அது சாதாரணமானது என்று தெரிந்ததும் அடங்கிவிடும். துள்ளுவதும் அவளுக்குத் தெரிந்தது, அதை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது. நாற்பது தவறுகளுக்கு உப்புப் பெறாத காரணங்கள் கிடைத்தன. நாற்பத்தோராவது மட்டும் நின்றது.

ப்ரோக்ராமில் நீளமான ஒரு தசம எண்ணை எழுதினால் பெட்டியால் அதை முழுசாக வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொள்ள முடிகிற எண்களில் அதற்கு மிக அருகில் இருப்பதைக் கம்பைலர் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த டெஸ்டில் புள்ளிக்குப் பின்னால் முப்பது இலக்கம் நீளும் எண் ஒன்று. பழைய கம்பைலர் அதில் தேறியிருந்தது. புதுசு பக்கத்து எண்ணை எடுத்திருந்தது. வித்தியாசம் துளியூண்டுதான். ஆனாலும் தப்பு தப்புதானே?

தேதி அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எண்ணையே சரியாப் படிக்கத் தெரியலன்னா இதை எப்படிக்கா மருந்து பம்ப்ல வைக்கிறது? வேண்டவே வேண்டாம். பழசையே இன்னும் மூணு வருஷம் ஓட்டிக்கலாம். எந்தத் தேதியில அறிக்கை தர்றீங்க?"

"வெள்ளிக்கிழமை போட்டுக்கோப்பா" என்றாள் அக்கா. மூன்று வருடம்! உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மாலை அவள் துணி மடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுப்பதைப் பார்த்து நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன அண்ணி, பாட்டெல்லாம் வருது?" "நல்ல பாட்டும்மா" என்றாள் அக்கா. அது என்ன பாட்டு என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை அறிக்கையோடு இணைப்பதற்காக அந்த டெஸ்டின் கணக்குத் தாளை எடுக்கப் போனாள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் சரியான விடை இதுதான் என்று கையால் போட்ட கணக்கு கோப்பில் இருக்கும். அவள் கொண்டுவந்த வழக்கம்தான் அது. தாள் இருந்தது. விடை இருந்தது. அதற்குக் கீழே 'சரிபார்த்தது' என்று அவள் கையெழுத்து இருந்தது. கணக்கு இல்லை.

தூக்கிவாரிப் போட்டது. தாளில் போட்டிருந்த நாளைப் பார்த்தாள். எட்டு வருடம் முந்தைய ஒரு திங்கட்கிழமை. வீட்டில் நான் ஒருவன்தான் என்று அவர் எழுதிய ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் கணக்கைக் கையால் போட இரண்டு நாள் ஆகும். அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருடைய கம்பைலரையே ஓட்டி, அது கொடுத்த விடையை எடுத்துத் தாளில் எழுதிவிட்டாள். இவர் தப்புப் பண்ண மாட்டார் என்று தோன்றியது. உலகத்தில் எல்லாரிடமும் ஆதாரம் கேட்டவள், ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு நாள் கேட்காமல் விட்டிருக்கிறாள். பரீட்சை எழுதுகிறவரிடமே விடைத்தாளை வாங்கி அதை வைத்து அவருக்கு மார்க் போட்ட கதை.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பென்சிலால் போட்டாள். ஒன்பது தாள் ஆனது. முடிவு தெரிந்ததும் பென்சிலை வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் கம்பைலர் எடுத்ததுதான் சரியான எண். பழசு எடுத்ததுதான் தப்பு. அவர் செய்த தப்பு.

இப்போது என்ன செய்வது? மூச்சு விடாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆதாரம் அக்காவின் தாளை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. பம்புக்கு ஆபத்தா என்று முதலில் அலசினாள். அதன் ப்ரோக்ராமில் இருந்த தசம எண்கள் மூவாயிரத்துச் சொச்சத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிலும் ஒன்பது இலக்கத்துக்கு மேல் இல்லை. அந்தப் பிழை அவற்றைத் தொடவே தொடாது. பயம் போனது. ஆனால் அது போனதும் ஆசை இன்னும் கெட்டியாக வந்து உட்கார்ந்துகொண்டது. பழசை வைத்துக்கொண்டாலும் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. இன்னும் மூன்று வருடம் அவர் எழுதுவார். யாருக்கு என்ன நஷ்டம்?

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் நர்ஸ் வழக்கம்போல, "இன்னிக்கும் உங்க பம்ப் கத்திச்சு அண்ணி, குழாய் மடங்கிக்கிச்சு" என்றாள்.

"கத்துறதுதான் அதோட வேலை."

"அதைத்தான் நானும் நோயாளிகிட்டச் சொன்னேன். அந்த அம்மா பயந்துட்டாங்க. பயப்படாதீங்க, இதைப் பார்த்துப் பார்த்துச் செய்றவங்க எங்க வீட்லதான் இருக்காங்கன்னேன். உடனே தூங்கிட்டாங்க."

அக்கா பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போனாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது தாளையும் தேதியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "சரிக்கா, டெஸ்ட்ல ஒரு விடை தப்பு. திருத்திட்டாப் போச்சு. புதுசு தேறிடிச்சு, மாறிடலாம். இதுக்கு எதுக்கு முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

"என் கையெழுத்து செல்லாதுப்பா. வேற பிரிவுல இருந்து யாரையாவது முழுசையும் திரும்பப் பார்க்கச் சொல்லு." அந்த வருடத்துச் சார்பின்மைத் தாளை அவன் முன்னால் வைத்தாள். 'தனிப்பட்ட உறவு எதுவும் இல்லை' என்ற வரியில் 'எதுவும் இல்லை' என்பதை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதியிருந்தாள்.

தேதி அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். "அந்த ஆளை நீங்க பார்த்ததே இல்லையேக்கா!"

"இல்ல."

"ஃபோன்லயாவது பேசியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன உறவு?"

"எனக்கு விடை தெரியாத இடத்துல அவர் விடையை நம்பி எழுதியிருக்கேன். அது போதாதா?"

எந்தத் தேதிக்குள் என்றுகூட அவன் கேட்கவில்லை. தாளை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தான். வேறு பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து மூன்று வாரம் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தாள். வேறு எந்தத் தாளிலும் கணக்கு விட்டுப்போகவில்லை. புதுக் கம்பைலருக்கான சான்றில் அந்தப் பெண்ணே கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் அக்காவின் பெயர் இல்லை. இதற்கு அழக் கூடாது என்று நினைத்தாள். கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் வந்தாள்.

பழைய கம்பைலரின் பிழை அறிக்கைப் பெட்டியை மூட எட்டு நாள் இருந்தது. நூற்று அறுபத்து நான்காவது பிழை அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். ப்ரோக்ராம் மூன்றே வரிதான். 'எதிர்பார்க்கும் விடை' என்ற கட்டத்தில் சரியான எண்ணைப் போட்டாள். 'இதுவரை ஏன் தெரியவில்லை' என்ற கட்டம் வந்தது. பழைய நாளாக இருந்தால் எழுதி அழித்துக்கொண்டிருப்பாள். இந்தத் தடவை நேராக எழுதினாள்: 'விடையை நான் கணக்கிடவில்லை. உங்கள் கம்பைலர் சொன்னதையே எழுதிக்கொண்டேன். நீங்கள் தப்புச் செய்ய மாட்டீர்கள் என்று நினைத்தேன்.'

ஒரு நாள் போனது. மூன்று நாள், ஐந்து நாள். கோபமாக இருக்குமோ? ஊரில் இல்லையோ? உடம்புக்கு ஏதாவதா? சனிக்கிழமையோடு பெட்டியை மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது.

'நீங்கள் சொல்வது சரி. பிழை எங்களுடையது. அந்தப் பகுதியை எழுதியது நான்தான், பதினான்கு வருடத்துக்கு முன்னால். நன்றாக எழுதியிருக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். திருத்தி முடிக்க மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் இந்தப் பெட்டி இருக்காது. திருத்தியதை உங்களுக்குச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்ற கட்டத்தில் நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். பதில் எழுத ஒரு வாரம் ஆனது அதனால்தான்.' அதற்குக் கீழே, குழுவின் பெயர் வழக்கமாக இருக்கும் இடத்தில், ஒரு ஃபோன் நம்பர் இருந்தது.

அந்த நம்பரை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை முழுக்க அது அவள் பைக்குள்ளேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தம்பி கடைக்குப் போயிருந்தான். நர்ஸ் ட்யூட்டிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அக்கா ஃபோனை முன்னால் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பண்ணிட்டீங்களா?"

"பண்ணி என்னம்மா சொல்றது?"

"ஹலோன்னு சொல்லுங்க அண்ணி. வேற என்ன சொல்வாங்க?"

"திருத்தி முடிக்கவே மூணு மாசம் ஆகும்னு எழுதியிருக்கார். அதுக்குள்ள பண்ணா என்ன நினைப்பாரு?"

"ஒண்ணும் நினைக்க மாட்டார். ஞாயித்துக்கிழமை, தனியா உட்கார்ந்திருப்பார் மனுஷன். நான் வரேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். படியில் இறங்கும் சத்தம் தேய்ந்து மறையும் வரை அக்கா அசையாமல் இருந்தாள்.

பிறகு நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒரு தடவை அடித்தது. இரண்டாவது தடவை அடிக்கும்போது அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிச் சரிசெய்துகொண்டாள்.